பின்னால் நின்று புகை பார்த்தவன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பழைய பைக் ஒன்று வாங்குவதென்று இன்று முடிவாயிற்று. முடிவெடுத்தவள் பூங்கோதை. அறிவோடு வாங்கும் பொறுப்பு மட்டும் எனக்கு. திண்டுக்கல்லில் பழைய வண்டி வாங்கி ஏமாறாதவன் ஒருவனை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்று முதல் எல்லாவற்றையும் எழுதி வைக்கப்போகிறேன். எனக்குப் பின்னால் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும். கூட்டுறவுப் பண்டகசாலையில் இத்தனை வருடம் துவரம்பருப்பில் கல் பார்த்த கண் இது, வீணாகப் போக வேண்டாம்.

விஷயம் இதுதான். வேலாயுதக்கோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூங்கோதைக்கு நர்ஸ் வேலை வந்திருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி காலையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும். அந்த ஊருக்கு முதல் பஸ், டூட்டி ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் போகிறது. ஆக, நான் தினமும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பண்டகசாலைக்குப் போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். இருந்த வண்டியை இரண்டு வருடத்துக்கு முன்னால் விற்றுவிட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது.

இதற்கு முன்னால் அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதையும் இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் விட்டாள். கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று அவளே சொன்னாள். அந்தச் சமயம் நான் தோள்பட்டை எலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தேன் என்பது தற்செயல்.

மச்சினன் தணிகைவேல் போன் செய்து, ஆடி மாதம் வண்டி வாங்கலாமா மாமா என்று இழுத்தான். அக்காளுக்குத் தம்பி, ஆனால் அறிவு வேறு எங்கேயோ போய்விட்டது. ஆடியில் மூடர்கள் வாங்க மாட்டார்கள், விலை இறங்கும், அதனால் அறிவுள்ளவன் ஆடியில்தான் வாங்குவான் என்று விளக்கினேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருபது வருடமாகத் தெருமுனையில் பேசுகிறவனிடம் வந்து ஆடி, ஆவணி என்கிறான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டார்ச் லைட் வாங்கினேன். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தேன். பெட்ரோல் டேங்கில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்த வண்டி எங்கோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்த வண்டியை வாங்கக் கூடாது.

பைக் வாங்கப் போகிறீர்களா, புதையல் எடுக்கப் போகிறீர்களா என்று பூங்கோதை கேட்டாள். ஆராய்ச்சி மனப்பான்மை இல்லாதவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பேகம்பூரில் காஜா மைதீனின் டூவீலர் கன்சல்டிங், அதாவது பழைய வண்டி விற்கும் கடை. தகரக் கொட்டகைக்குள் இருபது வண்டி நிற்கிறது. எல்லாமே ஒரே ஆள் ஓட்டியதாம், எல்லாமே டாக்டர் ஓட்டியதாம். இந்த ஊரில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் ஒருவனுக்கும் காய்ச்சலே வரக் கூடாது.

கறுப்பு வண்டி ஒன்றைக் காட்டினார். நான் சாவியைத் தொடவில்லை. நேராக எஞ்சினில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் முதல் உதையில் கிளம்புகிறதா என்பதுதான் சோதனை. காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் நோயாளியும் பயில்வானாகத் தெரிவான். வெயில் சூடு என்றார் காஜா. கொட்டகைக்குள் ஏது வெயில் என்றேன். பாய் சிரித்துக்கொண்டே டீ சொன்னார். திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் டீ சொல்வான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். டீ நன்றாக இருந்தது.

அடுத்ததாக ஒரு சிவப்பு வண்டி. எஞ்சின் சில்லென்று இருந்தது. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கண்ணே என்று சாவியை நீட்டினார். அதை வாங்கிக் கூட வந்திருந்த தணிகைவேலிடம் கொடுத்தேன். இங்கே ஒரு முக்கியமான விதி: ஓட்டுகிறவனுக்குப் புகை தெரியாது. பின்னால் நிற்பவனுக்குத்தான் தெரியும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, கரும்புகை வந்தால் பெட்ரோலைக் குடிக்கிறது. ஆகவே வாங்குகிறவன் ஒருபோதும் தானே ஓட்டிப் பார்க்கக் கூடாது. லேசாக நீலமாக வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். தணிகைவேல் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றான். அவன் ஓட்டினான், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாகல்நகரில் ஒரு ஆசிரியர் வீட்டு வண்டி. மீட்டரில் பதினோராயிரம் கிலோமீட்டர். கால் வைக்கும் ரப்பரைப் பார்த்தேன், சொட்டையாக இருந்தது. பிரேக் மிதி தேய்ந்து பளபளத்தது. மீட்டரைப் பின்னால் சுற்றிவிடலாம் ஐயா, ரப்பரைச் சுற்ற முடியாது என்றேன். அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுப்பவராம்.

திரும்பும்போது தணிகைவேல், ஓட்டப் போவது நீங்கள்தானே, ஒரு தடவையாவது நீங்கள் ஏறி உட்கார்ந்தால் என்ன என்றான். புகை விதியை மறுபடி சொன்னேன். மெதுவாகத்தான் ஏறும் அவனுக்கு.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. ஈரத்தில் வண்டி பார்க்கக் கூடாது. எல்லாம் புதிதாகத் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மூடர்கள் எல்லோரும் வண்டி வாங்கக் கிளம்பிவிட்டார்கள். கன்சல்டிங்கில் கூட்டம். விலை ஏறிவிட்டது. பதறாத காரியம் சிதறாது.

இன்று பூங்கோதையும் வந்தாள். முதல் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த பேங்க் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டதாம், பெயரை மட்டும் நீக்கவில்லையாம். கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளையை மட்டும் மாற்ற வேண்டும் என்பது போல் பேசுகிறான் புரோக்கர். வேண்டாம் என்றேன். இதில் நான் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று பூங்கோதையே ஒப்புக்கொண்டாள். அதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது வண்டியில் எஞ்சின் சரி, டேங்க் சரி, காகிதம் சரி. தணிகைவேல் ஓட்டினான், புகையே இல்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்து, சார் நீங்களும் ஒருக்கா ஓட்டிடுங்க, பேசி முடிச்சிடலாம் என்றார். ஹாரனை அடித்துப் பார்த்தேன். கம்மியது. ஹாரனையே பராமரிக்காதவன் எஞ்சினை எப்படிப் பராமரித்திருப்பான்? வேண்டாம் என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று தணிகைவேல் முணுமுணுத்தான். காதில் விழுந்தது. பழமொழிக்குப் பதில் சொல்லி என் தரத்தைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

பூங்கோதை வீட்டுக்கு வந்ததும் வெள்ளை யூனிபாரத்தை எடுத்து இடுப்பில் பிரித்துத் தைத்தாள். இரண்டு வருடத்தில் கொஞ்சம் சதை போட்டுவிட்டாள். ஓய்வு நல்லதுதான் என்றேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

பூங்கோதை வேறு வழிகள் கேட்கிறாள். ஷேர் ஆட்டோ? அந்த ரோட்டில் கிடையாது. அங்கேயே வீடு பார்க்கலாமா? பண்டகசாலையை யார் பார்ப்பது? தணிகைவேல் கொண்டுபோய் விடலாமா? பூட்டுக் கம்பெனியில் அவனுக்குக் காலை ஷிப்ட். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பதில் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். ஜெயித்தவனுக்குக் கைதட்ட இந்த வீட்டில் ஆளில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டீக்கடையில் தணிகைவேல் அந்தப் பழைய கதையை எடுத்தான். வத்தலக்குண்டு ரோட்டில் நான் விழுந்த கதை. அதில் கதையே கிடையாது. வளைவில் மணல் கிடந்தது, சறுக்கியது, விழுந்தேன். தோள்பட்டை உடைந்தது, ஒட்டிவிட்டது. பின்னால் வந்த லாரியின் சக்கரம் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. ஒரு சாண் இருக்கும். அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. சில நாள் தூக்கத்திலும் கேட்கிறது. காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கும் வண்டியை விற்றதற்கும் சம்பந்தமில்லை. மைலேஜ்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

தணிகைவேல் ஒரு வண்டியைக் கண்டுபிடித்திருந்தான். சாம்பல் நிறம், நூறு சிசி. சொந்தக்காரர் ஜோதிடர் பஞ்சாட்சரம். ஜோதிடர் வீட்டு வாசலை நான் மிதிப்பது இதுதான் முதல் தடவை. நெற்றி நிறைய விபூதியோடு வந்து, வாங்க தோழர் என்றார். பிள்ளையார் கோயில் முக்கில் நான் ஜோதிடத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட கூட்டத்தை அவர் வீட்டு மாடியிலிருந்து முழுக்கக் கேட்டாராம். நல்லாப் பேசினீங்க, ஆனா மைக் சரியில்ல என்றார்.

வண்டியைப் பார்த்தேன். எஞ்சின் சில்லென்று இருந்தது, முதல் உதையில் கிளம்பியது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. ரப்பரும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்லின. செயின் பற்கள் தேயவில்லை. முன் ஷாக்கில் ஆயில் கசிவில்லை. வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸ் நம்பரை டார்ச் அடித்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன், பொருந்தியது. காகிதம் எல்லாம் சுத்தம். ஹாரன் கணீரென்றது. விலை நான் நினைத்ததைவிடக் குறைவு. இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். எட்டு சனியின் எண்ணாம். வாங்கின பிறகுதான் எண்கணிதமும் படித்தாராம். இரண்டு வருடமாக விற்கப் பார்க்கிறார், எட்டு என்றதும் ஒருவரும் தொடுவதில்லை.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே தோழர். ஒங்க கைக்குப் போனா எனக்கும் பாவம் இல்ல, ஒங்களுக்கும் லாபம்," என்றார்.

தணிகைவேல் ஓட்டிவிட்டு வந்தான். புகை இல்லை. வண்டியை என் முன்னால் நிறுத்தி, ஸ்டாண்ட் போடாமல், எஞ்சினையும் அணைக்காமல் இறங்கிக்கொண்டான். கைப்பிடி என் கையில் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனையில் ஒரு லாரி திரும்பியது.

"எட்டுங்கிறது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. ஜோதிடருக்கே திகைப்பு. ஒரு மனிதன் தன் சாமி தன் கண் முன்னால் மதம் மாறுவதைப் பார்த்தால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தார். பரிகாரம் ஏதாவது சொல்லட்டுமா தோழர் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்குப் போய்ப் பரிகாரம்.

கூட வந்திருந்த பூங்கோதை வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தாள். கல்யாணம் ஆன அன்று பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நான் சொன்னேன். பதினாறு வருடமாக என்னங்க என்றுதான் கூப்பிடுகிறாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் பெயர் வரும். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"மதிவாணன், நம்ம கல்யாணம் எந்தத் தேதி?"

"எட்டு."

"எந்த நேரம்?"

"ராகு காலம்."

"யாரு குறிச்சது?"

நான்தான் குறித்தேன். வேண்டுமென்றே குறித்து, மேடை போட்டு, அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசவும் செய்தேன். அவள் அப்பா அழுதார். இதையெல்லாம் அவள் இப்போது நினைவுபடுத்த வேண்டிய அவசியமில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாம்பாரில் உப்பில்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. தெருவெங்கும் கொழுக்கட்டை. எங்களுக்கும் நான்கு வீட்டிலிருந்து வந்தது. கொழுக்கட்டைக்கு மதமில்லை என்பது என் நிலைப்பாடு.

பூங்கோதை காலையில் வாக்கிங் போக ஆரம்பித்திருக்கிறாள். ஸ்கூல் கிரவுண்டுக்கு. துணைக்குத் தணிகைவேல். முக்குக் கடைக்குச் சீயக்காய் வாங்கக்கூட நடந்து போகாதவன், ஷிப்டை மாற்றிக்கொண்டு அக்காளோடு நடக்கிறான். உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது போலிருக்கிறது. நல்ல விஷயம். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவளுடைய வலது கெண்டைக்காலில் சுட்ட புண். குக்கர் பட்டுவிட்டது என்றாள். எங்கள் வீட்டுக் குக்கர் மேடைமேல் இருக்கிறது. கால் அங்கே எப்படிப் போயிற்று என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் போட்டுக்கொள் என்றேன். நர்ஸுக்கு மருந்து சொல்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

வண்டி ஏதும் பார்க்கப் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நாளை மறுநாள் ஒன்றாம் தேதி. வேலை போய்விட்டால் அது என்னால்தான். இதை எப்படித் திருப்பி எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வாசலில் சாம்பல் நிற வண்டி நிற்கிறது. ஆர்.சி. அவள் பெயருக்கு மாற எழுதிக் கொடுத்தாகிவிட்டதாம். ஜோதிடர் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்பியிருந்தார். தணிகைவேல் அதைச் சக்கரத்தடியில் வைத்தான், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றி நசுக்கினாள். நான் எதிர்க்கவில்லை. எட்டுக்குப் பயந்தவனுக்கு எலுமிச்சையை எதிர்க்க என்ன உரிமை இருக்கிறது?

லைசென்ஸ் அவளிடம் இருந்தது எனக்கு நினைவே இல்லை. நர்ஸிங் படிக்கும்போது எடுத்தது. போன வருடமே புதுப்பித்திருக்கிறாள். என்னோடு வந்த பிறகு ஓட்ட வேண்டி வரவில்லை. எல்லா இடத்துக்கும் நான்தானே கூட்டிப்போனேன். நன்றாகத்தான் ஓட்டினேன். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் கிளட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதை யாரும் இப்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தேன். சைலன்சர் சரியாக அவள் கெண்டைக்கால் உயரத்தில் இருந்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை.

நாளைக்கு என்கூட வருகிறீர்களா என்று பூங்கோதை கேட்டாள். லீவு சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கிளம்பினோம். பின்சீட்டில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் கம்பியைப் பிடித்தேன், பைபாஸ் வந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வண்டி கொஞ்சம் உதறியது, நான் குறை சொல்லவில்லை. லாரி ஒன்று எங்களைத் தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டேன். கை வலிக்குதுங்க, கொஞ்சம் லேசாப் பிடிங்க என்றாள்.

வேலாயுதக்கோட்டையில் வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். சாவியை என் கையில் கொடுத்து, நீங்க எடுத்துட்டுப் போங்க, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். நேற்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்த சாதாரணம் அது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். எஞ்சின் குளிர்ந்திருக்கவில்லை, ஆக உதைத்தால் கிளம்பும். உதைக்கவில்லை. இறங்கினேன். ஒரு டயரின் காற்றைச் சோதித்தேன். மறுபடி ஏறினேன். இறங்கினேன். ஒரு ஆட்டுக்குட்டி நின்று என்னைப் பார்த்துவிட்டு அலுத்துப் போய்விட்டது.

வெயில் ஏறியதும் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சீட்டு எழுதும் பெண், பெயர் என்ன, வயது என்ன என்று கேட்டாள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும், சொன்னேன். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து வரிசையில் உட்காரச் சொன்னாள். நான் நோயாளி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். இருமுகிற பெரியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் நடுவில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போனேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

வரிசையின் முடிவில் ஒரு மேஜை. பி.பி. பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் அனுப்புகிறார்கள். பார்ப்பது பூங்கோதை. வெள்ளை யூனிபாரத்தில் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. தலை நிமிராமல் சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பட்டையைச் சுற்றினாள். பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

மைலேஜ், புகை, ஹாரன், எட்டு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன.

"பயமா இருக்கு," என்றேன்.

"எத்தன நாளா?"

"விழுந்ததுலேருந்து."

காற்றை அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியிருந்தது, அவளுக்கா எனக்கா என்று சொல்ல முடியாது.

"இத வீட்ல சொல்லக் கூடாதா?"

"வீட்ல யாரும் கேக்கலியே, என்ன செய்யுதுன்னு."

அப்படிச் சொன்னது அநியாயம். இந்த மாதம் முழுக்க அவள் அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. ஆனால் அவள் சண்டைக்கு வரவில்லை. மறுபடி காற்றை அடித்தாள், இறக்கினாள், எண்ணைப் பார்த்துச் சீட்டில் குறித்தாள். பட்டையைக் கழற்றும்போது என் மணிக்கட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள். பின்னால் பெரியவர் இருமினார்.

"இது ஒரே நாள்ல சரியாகாது," என்றாள். "நாளைக்கும் வாங்க. அடுத்தது யாரு?"